வண்டு தொடாத அரிசி

அந்த அரிசியை முதலில் வேண்டாம் என்று சொன்னது வண்டுதான். அதற்காக வண்டை யாரும் பாராட்டவில்லை. பாராட்டு முழுவதும் மரகதவல்லிக்குப் போனது.

விழா மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு கிலோ புழுங்கலரிசி, இருநூறு அரிசி வண்டுகள். நாற்பது நாள் பூட்டி வைத்ததில் அரிசி ஒரு மணி குறையாமல் இருந்தது, வண்டுகள் மட்டும் கால்களை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. அமைச்சர் பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். மருந்து அடிக்கவில்லை, பொடி தூவவில்லை, விஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மைக்கில் சொன்னார். முன் வரிசையிலிருந்த ஒரு நிருபர், அப்படியென்றால் வண்டு எதனால் செத்தது என்று கேட்டார். பதில் சொல்ல அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. கேள்வி அதோடு ஆறிப்போயிற்று.

மரகதவல்லிக்கும் அந்தக் கேள்வி காதில் விழுந்தது. அவள் அரசின் தானியக் காப்பு ஆய்வகத்தில் வேதியியலாளர். வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடம் தலையால் தண்ணீர் குடித்து அந்த இயந்திரத்தைச் செய்து முடித்தவள் அவள்தான். வண்டு எதனால் செத்தது என்று அவளும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் தட்டில் முந்திரி பிஸ்கட் இருந்தது, பக்கத்தில் நின்ற உணவுத் துறைச் செயலாளர் சக்கரபாணி அவள் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். யோசிக்க நேரமில்லை.

இயந்திரத்துக்கு ஆய்வகத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் இறுக்கி. பெல்ட்டில் மூட்டை ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வரும். பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. சக்கரபாணிக்கு அவள் ஒரு தடவை விளக்கியிருந்தாள்.

"எல்லாப் பொருள்லயும் அணுவும் அணுவும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது சார். ஒரு பொருள் கெட்டுப் போறதுன்னா அந்தப் பிடி விட்டுப் போறதுதான். இந்த மிஷின் அரிசிக்குள்ள இருக்கிற பிடியை இறுக்கிடும். கிருமியோ பூஞ்சையோ வந்து பிரிச்சுப் பார்த்தாலும் பிரியாது."

"எத்தனை வருஷத்துக்கு?"

"நாம இருக்கிற வரைக்கும் இருக்கும் சார்."

சக்கரபாணி சற்று யோசித்தார். "நம்ம கூட்டணியை ஒரு தடவை உள்ள விட்டு எடுக்க முடியுமான்னு அமைச்சர் கேட்பாரு," என்றார்.

நல்ல நோக்கம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. வருடா வருடம் டெல்டாவில் அறுவடை முடிந்ததும் மழை வரும். மழை வரும் என்பது அரசாங்கத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே முளைவிட்டுப் பச்சையாக நிற்கும். இனி அது நடக்காது. திட்டத்துக்கு 'அழியா அமுது' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து மாவட்டங்களின் ரேஷன் கடைகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் ஜூன் மாதம் முதல் இந்த அரிசிதான் என்று ஆணை வந்தது.

சோதனைகளில் குறையே வைக்கவில்லை. நிறம், மணம், ஈரப்பதம், கன உலோகம், கதிரியக்கம் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அறிக்கை. கடைசியாக ருசிக் குழு. ஒன்பது அதிகாரிகள் வாழை இலை போட்டு உட்கார்ந்து வத்தக்குழம்போடு சாப்பிட்டார்கள். குறிப்பேட்டில் எட்டுப் பேர் வத்தக்குழம்பைப் பாராட்டியிருந்தார்கள், ஒருவர் அப்பளம் நமுத்திருந்தது என்று எழுதியிருந்தார். நம் அலுவலகங்களில் சாப்பாட்டைச் சோதிப்பதென்றால் ஒரு கவளம் வாயில் போட்டுத் தலையாட்டுவதுதான். அந்தக் கவளம் தொண்டைக்குக் கீழே போய் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மரகதவல்லியும் ஒரு கவளம் சாப்பிட்டாள், தலையாட்டினாள், கையெழுத்துப் போட்டாள்.

முதல் இரண்டு மாதம் ஒரே புகழ்மாலை. சோறு அடி பிடிப்பதே இல்லை என்று சத்துணவுச் சமையலர்கள் சொன்னார்கள். அடுப்பை மறந்துவிட்டு வாசலில் கதை பேசிவிட்டு வந்தாலும் பாத்திரத்தில் கருகல் இல்லை. மிச்சச் சோறு மறுநாளும் ஊசவில்லை. துறை ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த வேளைக்குப் பசி எடுப்பதில்லை என்று நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் சொன்னார்கள். சக்கரபாணி வாயெல்லாம் பல்லாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, ஐந்து மாவட்டங்களில் பசி பாதியாகக் குறைந்துவிட்டது என்று அறிவித்தார்.

புகார் என்று வந்தது ஒன்றே ஒன்றுதான். மாவு பொங்கவில்லை.

இட்லிக்கு அரைத்த மாவு அப்படியே கிடக்கிறது என்று பெண்கள் ரேஷன் கடையில் சொன்னார்கள். கட்டணமில்லாத் தொலைபேசிக்கு நான்காயிரம் அழைப்புகள் போயின. அங்கே புகார்களை வகை பிரிக்கும் பட்டியலில் எடைக்குறைவு, கலப்படம், ஊழியர் நடத்தை என்றெல்லாம் இருந்ததே தவிர மாவுக்கு இடமில்லை. எல்லாம் 'இதர' என்ற தலைப்பில் விழுந்தன. எல்லோருக்கும் ஒரே பதில் போயிற்று: தரமான உளுந்தைப் பயன்படுத்தவும்.

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மரகதவல்லியைப் பார்க்க ஓர் அம்மாள் வந்தார். கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை. பெயர் இருதயமேரி. புதுக்கருவேலி தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. தூக்குவாளியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று மாவு, மேலே ஓரமாக நாலைந்து குமிழ்கள்.

"இது என்னிக்கு அரைச்சதுன்னு நெனைக்கிறீங்க மேடம்?"

காலையில் அரைத்தது போலிருக்கிறது என்றாள் மரகதவல்லி.

"ஞாயித்துக்கெழம அரைச்சது. அந்த நாலு குமிழும் உளுந்தால வந்தது. அரிசி அசையவே இல்ல. சோத்துல தண்ணி ஊத்தி வச்சுப் பாத்தேன், மூணு நாளாவுது, அதுவும் புளிக்கல."

நல்ல உளுந்தாகப் பார்த்து வாங்குங்கள் என்ற வாக்கியம் மரகதவல்லியின் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல வேளை, அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"மாவுக்காக நான் பஸ் ஏறி வரல மேடம்." துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிக் குழந்தைகளின் எடை நோட்டு. மாதாமாதம் முதல் வாரத்தில் நிறுத்து எழுதுவது அவர் வேலை. நாற்பத்தாறு குழந்தைகளில் முப்பத்தொன்பது பேருக்கு ஜூனிலிருந்து எடை இறங்கியிருந்தது. ஒரு பெயருக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். நிறைமதி, மூன்றாம் வகுப்பு. ஜூனில் இருபத்தொரு கிலோ இருநூறு. இப்போது பதினெட்டு அறுநூறு.

"திங்கக்கெழம பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. சாப்பிடாத புள்ளன்னா திட்டலாம். இவ ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறா. வயிறு நெறஞ்சிருக்கு டீச்சர்ங்கிறா. அந்தச் சோறு எங்கதான் போவுது மேடம்?"

மரகதவல்லி நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த இரண்டு எண்களையும் மறுபடி படித்தாள். அந்த நிமிடத்தில் அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. வண்டு எதனால் செத்தது என்ற கேள்வி இத்தனை மாதம் கழித்துத் திரும்பி வந்து எதிரே நின்றது.

ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் கருவிகள் இருந்தன. அவள் எதையும் தொடவில்லை. கேண்டீனிலிருந்து இறுக்கிய அரிசியில் வடித்த சோறு ஒரு கைப்பிடி வரவழைத்தாள். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எச்சிலே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடும். ஐம்பது தடவை மென்றாள். நூறு தடவை மென்றாள். தாடை வலித்தது. இருதயமேரி ஒன்றும் புரியாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிக்கவே இல்லை. ஈரமான பஞ்சை மெல்வதுபோல் இருந்தது.

துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அரிசியில இருக்கிறது ஒரு மணிமாலை மாதிரிம்மா. ஒவ்வொரு மணியும் சர்க்கரை. நம்ம வயித்துல ஒரு கத்திரி இருக்கு. அது நூலை வெட்டி வெட்டி மணியை உதிர்க்கும். உதிர்ந்த மணிதான் ரத்தத்துல சேரும், உடம்புல ஒட்டும். நாங்க அந்த நூலைக் கம்பியாக்கிட்டோம். கிருமிகிட்ட இருக்கிறதும் அதே கத்திரி, வண்டுகிட்ட இருக்கிறதும் அதே கத்திரி. யாராலயும் வெட்ட முடியல."

"அப்போ சோறு?"

"போன மாதிரியே வெளிய வந்துடும்."

இருதயமேரி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "நாலு மாசமா நான் புள்ளைங்களுக்குக் கூழாங்கல்லையா போட்டுக்கிட்டிருந்தேன்?" என்றார். பிறகு, "நீங்க யாரும் சாப்பிட்டுப் பாக்கலியா?"

"பார்த்தோம். ஒரு வாய்."

"எங்கிட்ட கரண்டிதான் இருந்துச்சு மேடம். மிஷின் உங்ககிட்டதான் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மரகதவல்லி தாங்கியிருப்பாள். சத்துணவில் பருப்பும் முட்டையும் இருப்பதால் குழந்தைகள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டிலும் இதே அரிசி என்பதால்தான் இந்தச் சரிவு என்று அவளுக்குக் கணக்காகப் புரிந்தது. வெறும் சோறும் ரசமுமாக ஓடும் வீட்டில் நிறைமதி இருந்தாள். இப்படியே போனால் அவள் பொங்கல் தாண்டுவது கஷ்டம்.

அன்றே அறிக்கை எழுதினாள். பதினோரு வருட உழைப்பு தவறு என்று நாலு பக்கத்தில் தன் கையாலேயே எழுதி, மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

சக்கரபாணி அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அவருடைய தொப்பை மேசைக்கு முன்னால் போய் நிற்கும் ரகம். டாக்டர் மிரட்டியிருந்ததால் மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம் கட்டிக்கொண்டு, யார் வந்தாலும் நடந்துகொண்டேதான் பேசினார். எதிரில் இருப்பவரும் கூடவே நடக்க வேண்டும். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருபது நடை நடப்பதற்குள் மரகதவல்லி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

அரிசியில் விஷம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. யாராவது வாந்தி எடுத்தார்களா? இல்லை. பசிக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தார்களா? பசிக்காது சார், வயிறு நிறைந்துதான் இருக்கும், அதுதான் சார் பிரச்சினை என்றாள்.

"பசி இல்லைங்கிறதைப் பிரச்சினைன்னு நான் எப்படி ஃபைல்ல எழுதறது?" என்றார் சக்கரபாணி.

ஆனாலும் நடவடிக்கை எடுக்காமல் விடவில்லை. பத்து நாளில் ஆணை வந்தது. ஐந்து மாவட்டப் பள்ளிகளில் எடைகள் ஒரே நேரத்தில் குறைந்திருப்பதால் எடைக் கருவிகள் பழுதென்று தெரிகிறது; அனைத்தையும் திரும்பப் பெற்றுச் சீர்செய்யவும். லாரி வந்து எடைக் கருவிகளை அள்ளிப் போனது. அக்டோபர் மாதம் எந்தக் குழந்தைக்கும் எடை குறையவில்லை. நிறுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

மரகதவல்லி சும்மா இருக்கவில்லை. இறுக்கியை நிறுத்தினாள். மூன்றாம் நாள் அதை ஓட்டும் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து கருவி நல்ல நிலையில் இருப்பதாகச் சான்றிதழ் எழுதி வைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டுப் போனான். ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் மாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். உதவி ஆசிரியர் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அது வந்தது, எட்டாம் பக்கத்தில், 'மாவு பொங்க ஐந்து எளிய வழிகள்' என்ற தலைப்பில். மூன்றாவது வழி, வெந்தயம் சேர்ப்பது. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அறிவியல் படித்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டாள்.

இருதயமேரி போன் செய்து, நிறைமதி இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்றார். தன் வீட்டிலிருந்து முட்டையும் கடலை உருண்டையும் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். "எத்தனை புள்ளைக்கு நான் குடுக்க முடியும் மேடம்?" என்று கேட்டார். மரகதவல்லி மறுபடி சென்னைக்குப் போனாள்.

மதியம் ஒன்றரை மணி. சக்கரபாணி நடந்துகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எவர்சில்வர் டப்பாவில் வெள்ளரித் துண்டுகள். ஒரு துண்டைக் கடித்துவிட்டுச் சிறைக்கைதி சுவரைப் பார்ப்பதுபோல் டப்பாவைப் பார்த்தார். ஆறு மாதமாகச் சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை, அரை கிலோ குறையவில்லை என்று அவராகவே புலம்பினார். முகத்தில் அப்படி ஒரு துயரம். ஐந்து மாவட்டக் குழந்தைகளுக்காக அந்த முகம் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை.

மரகதவல்லி புதிய அறிக்கையைப் பையிலிருந்து எடுக்கப் போனவள், எடுக்கவில்லை.

"சார், நம்ம அரிசியைச் சாப்பிட்டா உடம்புல ஒட்டாது," என்றாள்.

போன தடவையும் இதைத்தான் சொன்னாள். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. ஆனால் இந்தத் தடவை சக்கரபாணி நடையை நிறுத்தினார். அந்த அறையில் அவர் நின்று அவள் பார்த்தது அப்போதுதான்.

"எவ்வளவு சாப்பிட்டாலுமா?"

"எவ்வளவு சாப்பிட்டாலும்."

"பிரியாணியா செஞ்சாலும்?"

"அரிசி ஒட்டாது சார். வயிறு நிறையும், ருசி இருக்கும், சர்க்கரை ஏறாது. நாலு மாசத்துல ஒரு சின்னப் பொண்ணு ரெண்டரை கிலோவுக்கு மேல இறங்கியிருக்கா."

அவர் வெள்ளரி டப்பாவை மூடினார். பிறகு மெதுவாக, அலுவலகம் முழுவதும் ஒட்டுக்கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "இதை யாருக்காவது சொல்லியிருக்கியாம்மா?" என்றார்.

உங்களுக்குத்தான் சார் நாலு பக்க அறிக்கையாகச் சொல்லியிருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. இனி இந்த விஷயம் தானாகவே நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உண்மைக்கு ஒரு மாதத்துக்கு மேலாகக் கதவு திறக்கவில்லை, தொப்பைக்கு ஒன்பதே நாள்தான் ஆயிற்று. முதலில் செயலாளர் வீட்டுக்கு ஒரு மூட்டை போனது. பிறகு அவருடைய மைத்துனருக்கு. பிறகு உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவருக்கு. அடுத்த வாரம் ஐந்து மாவட்டங்களிலும் ரேஷன் கடை வாசலில் கார்கள் வரிசைகட்டின. குளிர்கண்ணாடி போட்ட பெண்கள் கட்டைப்பையோடு நின்றார்கள். ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போடுகிறோம் என்று பெருமையடித்த குடும்பங்கள், எங்களுக்கும் அரிசி அட்டை வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தன. ஒரு தொலைக்காட்சி நடிகை தன் இடுப்பைக் காட்டி அழியா அமுதுக்கு நன்றி சொன்னாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் அரசாணை வந்தது. உயர் தொழில்நுட்ப மதிப்புள்ள ஒரு பொருளை விலையில்லாமல் வழங்குவது மக்கள் வரிப்பணத்தை வீணாக்குவதாகும் என்று அதில் இருந்தது. இறுக்கிய அரிசி முழுவதும் திரும்பப் பெறப்பட்டு, 'இலகு' என்ற பெயரில் கண்ணாடிக் குடுவைகளில் பெரிய கடைகளுக்குப் போயிற்று. ரேஷனுக்குப் பழைய அரிசியே வந்தது. கல், உமி, கொஞ்சம் வாடை, எல்லாம் உண்டு. எதிர்க்கட்சி விடுமா? ஏழையின் அமுதைப் பறித்தார்கள் என்று ஐந்து மாவட்டத் தலைநகரங்களிலும் ஆர்ப்பாட்டம். புதுக்கருவேலியிலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றினார்கள். இருதயமேரியையும் கூப்பிட்டார்களாம். மாவு பொங்கி வழிகிறது, துடைக்கிற வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டதாகப் போனில் சொன்னார். அவர் சிரித்து மரகதவல்லி அன்றுதான் கேட்டாள்.

டிசம்பரில் எடைக் கருவிகள் சீர்செய்யப்பட்டுத் திரும்பி வந்தன. நிறைமதி பத்தொன்பது கிலோ எழுநூறு.

அதே வாரம் மரகதவல்லிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. சக்கரபாணியின் கையெழுத்து. அவர் இப்போது இளைத்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நடப்பதையும் விட்டுவிட்டாராம். மேற்படி ஆய்வகத்தின் கட்டுப்பாட்டிலுள்ள கிடங்கிலிருந்து புதுக்கருவேலி பள்ளிக்கு வழங்கப்பட்ட அரிசியில் உயிருள்ள வண்டுகள் காணப்பட்டதாகப் புகார் வந்துள்ளது; கடமையில் தவறியதற்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.

அவள் ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கிடங்குக்குப் போனாள். ஒரு மூட்டையில் கையை விட்டு அள்ளி, வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தாள். அரிசிக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒன்று அவசரமாக ஓடியது. பின்னால் இன்னும் இரண்டு. உள்ளங்கையில் ஊர விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிடங்குக் காவலாளி, பொடி தூவிவிடலாமா மேடம் என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

மேசைக்குத் திரும்பி விளக்கத்தை எழுதினாள். மூன்று வரிதான் வந்தது.

'வண்டுகள் காணப்பட்டது உண்மை. நானே நேரில் பார்த்தேன். எல்லாம் தின்று கொழுத்து நல்ல ஆரோக்கியமாக இருக்கின்றன.'

கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, இருதயமேரி காலையில் கொடுத்தனுப்பியிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.